தேவனாம்பட்டினம் வீட்டு வரியில் நூலகத்துக்கும் ஒரு பங்கு ஏன்? சிதம்பரத்தில் ஐந்து விதிகளைச் சொன்ன எஸ்.ஆர்.ரங்கநாதன் யார்?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறதா? அப்படின்னா மாநகராட்சிக்கு நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு தொகையும் போகிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1,000 ரூபாய் வரி என்றால் அதில் நூலகத்தின் பங்கு 100 ரூபாய். சில்வர் பீச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடானாலும் சரி, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் இருக்கும் கட்டடமானாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

இந்தப் பணத்தில்தான் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கப்படுகிறது, நாளிதழ் வருகிறது, குழந்தைகள் பிரிவு நடக்கிறது. கோடை விடுமுறையில் கதை சொல்லல், ஓவியப் போட்டி, வாசிப்புப் போட்டி என்று நூலகங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கும் இதுதான் அடித்தளம். ஆனால் பெரும்பாலான பெற்றோர் இந்த நிகழ்ச்சிகளை இலவச சேவையாகத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் அதற்கான பணத்தை அவர்கள் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகை வழியாகக் கட்டுகிறார்கள்.

நூலகத்துக்கு என்று ஒரு வரி எப்படி வந்தது? அதற்குப் பின்னால் இருப்பவர் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் தாண்டியதும் வரும் சீர்காழியில் பிறந்த ஒரு கணக்கு வாத்தியார். உலகம் முழுவதும் நூலகவியல் படிப்பவர்கள் இன்றைக்கும் முதல் பருவத்திலேயே படிக்கும் பெயர் அவருடையது. எஸ்.ஆர்.ரங்கநாதன். அந்த எஸ் என்ற எழுத்தே ஊரைக் குறிப்பதுதான். சீர்காழியை ஆங்கிலேயர் ஷியாலி என்று எழுதினார்கள்.

யார் இந்த ரங்கநாதன்?

1892 ஆகஸ்ட்டில் பிறந்தார். சீர்காழி அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது மயிலாடுதுறை மாவட்டம். அப்பா ராமாமிர்த ஐயர், கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர். ஊரில் சிலரை உட்கார வைத்து ராமாயணம் விளக்கிச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. ரங்கநாதனுக்கு 6 வயது இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு அம்மா சீதாலட்சுமியும் தாத்தாவும்தான் வளர்த்தார்கள். தாத்தா பள்ளி ஆசிரியர்.

சீர்காழி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஞானசம்பந்தர். 3 வயதுக் குழந்தைக்கு ஞானப்பால் கிடைத்த கதை நடந்த ஊர். அதே ஊரில் சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் ரங்கநாதன் படித்தார். அவருக்குப் பேச்சில் திக்கல் இருந்தது. பின்னாளில் மேடைகளில் பேசியும், வகுப்பறையில் பாடம் நடத்தியுமே வாழ்ந்த ஒருவருக்கு இது சின்ன தடை இல்லை. காலப்போக்கில் முயன்று அதைச் சமாளித்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1913-ல் கணிதத்தில் பி.ஏ., 1916-ல் எம்.ஏ. அங்கே எட்வர்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அவருக்கு ஆசானாகக் கிடைத்தார். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்ப வருவார். அதற்குப் பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி. 1917-லிருந்து மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்குப் பாடம் நடத்தினார்.

வகுப்பறைதான் அவருக்குப் பிடித்த இடம். ஆனால் ஆசிரியர் சம்பளம் குறைவு.

900 பேரில் எப்படித் தேர்வானார்?

1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு நூலகரைத் தேடியது. சேர்ந்து கிடக்கும் புத்தகங்களை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும். சுமார் 900 பேர் விண்ணப்பித்ததாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் யாருக்கும் நூலகப் பயிற்சி கிடையாது. ரங்கநாதனுக்கும் கிடையாது. நண்பர்கள் வற்புறுத்தியதால்தான் விண்ணப்பமே போட்டார். நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார். அதுதான் அவருடைய மொத்தத் தயாரிப்பு. வேலை கிடைத்துவிட்டது.

1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். கொஞ்ச நாளிலேயே போரடித்துவிட்டது. வகுப்பில் மாணவர்கள் சூழ இருந்தவருக்குத் திடீரென்று தனிமை. நூலகத்துக்கு வாசகர்கள் அதிகம் வருவதில்லை. பேச ஆள் இல்லை. பழைய ஆசிரியர் வேலையே போதும் என்று திரும்பப் போய்க் கேட்டுவிட்டார்.

அப்போது ஒரு ஏற்பாடு முடிவானது. வேலையின் நிபந்தனைப்படி அவர் எப்படியும் இங்கிலாந்து போய் நூலகப் பயிற்சி எடுக்க வேண்டும். முதலில் அதை முடித்துவிட்டு வரட்டும். வந்த பிறகும் நூலகர் வேலை பிடிக்கவில்லை என்றால் ஆசிரியர் வேலைக்குத் திரும்பலாம். ரங்கநாதன் சம்மதித்து லண்டன் கிளம்பினார்.

லண்டனில் என்ன பார்த்தார்?

யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் இருந்த நூலகவியல் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பெர்விக் சேயர்ஸ். லண்டனை ஒட்டிய குராய்டன் என்ற ஊரின் பொது நூலகங்களுக்குத் தலைமை நூலகர். சேயர்ஸுக்கு இரண்டு விஷயங்களில் ஆர்வம். ஒன்று, புத்தகங்களை வகைப்படுத்துவது. இன்னொன்று, குழந்தைகள் நூலகம். குழந்தைகள் நூலகத்தை எப்படி நடத்துவது என்று 1912-லேயே ஒரு கையேடு எழுதியவர் அவர்.

ரங்கநாதன் வகுப்போடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் 100-க்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அவரை ஆச்சரியப்படுத்தியது அங்கிருந்த கட்டடங்களோ அலமாரிகளோ இல்லை, உள்ளே இருந்த ஆட்கள்தான். தொழிலாளிகள் வருகிறார்கள், பெண்கள் வருகிறார்கள், குழந்தைகள் வருகிறார்கள். குழந்தைகளுக்குத் தனி இடம், அவர்கள் உயரத்துக்கு ஏற்ற அலமாரி, கதை சொல்லும் நேரம்.

சென்னையில் அவர் விட்டுவிட்டு வந்தது எப்படிப்பட்ட இடம்? படித்தவர்களுக்கான, அவர்களும் அதிகம் எட்டிப் பார்க்காத ஓர் அறை. வித்தியாசம் அவருக்குப் புரிந்தது. நூலகர் வேலை போரடித்ததற்குக் காரணம் அந்த வேலை இல்லை, நூலகத்தில் ஆள் இல்லாததுதான். ஆட்களை உள்ளே கொண்டு வந்துவிட்டால் நூலகம் வகுப்பறையைவிடப் பெரிய வகுப்பறை.

ஒரு பொம்மை கொடுத்த ஐடியா

லண்டனில் நடந்த இன்னொரு சம்பவம் நூலகவியல் வரலாற்றில் ரொம்பப் பிரபலம். செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை விற்பனையாளர் ஒருவர் இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகுகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒருமுறை கிரேன், ஒருமுறை பாலம், இன்னொருமுறை வண்டி.

அதுவரை புத்தகங்களை அடுக்குவதற்கு இருந்த முறைகளில் ஒவ்வொரு தலைப்புக்கும் முன்கூட்டியே ஓர் எண்ணை ஒதுக்கி வைத்திருப்பார்கள். புதிதாக ஒரு தலைப்பு வந்தால் அதை எங்கே வைப்பது என்ற குழப்பம் வரும். ரங்கநாதன் யோசித்தது இதுதான்: தலைப்பை முழுசாக வைக்காமல் துண்டுகளாக வைத்துக்கொண்டால் என்ன? உதாரணமாக, தஞ்சாவூரில் நெற்பயிரைத் தாக்கும் நோய் பற்றி ஒரு புத்தகம் என்று வையுங்கள். பயிர் ஒரு துண்டு, நோய் ஒரு துண்டு, ஊர் ஒரு துண்டு, காலம் ஒரு துண்டு. தேவைக்கு ஏற்ப பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். துண்டுகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். 1933-ல் புத்தகமாக வெளிவந்த அந்த முறைக்குப் பெயர் கோலன் பகுப்பு முறை.

இன்று ஆன்லைன் கடையில் சட்டை தேடும்போது நிறம், அளவு, விலை, பிராண்ட் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள் இல்லையா? அந்தத் தேடலுக்கும் இதே யோசனைதான் அடிப்படை. குழந்தைகள் விளையாடும் பொருளிலிருந்து பிறந்த யோசனை அது.

1925-ல் ஊர் திரும்பினார். ஆசிரியர் வேலையைத் திரும்பக் கேட்கவே இல்லை.

சென்னையில் என்ன மாற்றினார்?

முதலில் நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்றால் அவர்கள் ஓய்வாக இருக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். ஆண்டின் எல்லா நாளும் நூலகம் இயங்கியது. அலமாரிகளுக்கு வாசகர்களே நேரடியாகப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று மாற்றினார். வந்தவருக்குத் தேவையானதைத் தேடித் தர உதவியாளர்களை நிறுத்தினார். புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் சேவையும் தொடங்கியது.

இதெல்லாம் இன்று சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் அந்தக் காலத்தில் நூலகர் என்றால் புத்தகங்களின் காவல்காரர் என்றுதான் அர்த்தம். ஒரு புத்தகம் தொலைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பூட்டி வைப்பதுதான் பாதுகாப்பு. வாசகர் வந்தால் தொந்தரவு, அதுவும் சின்னப் பிள்ளைகள் வந்தால் இரட்டைத் தொந்தரவு. இந்த மனநிலையை உடைப்பதுதான் ரங்கநாதனுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் முதல் செயலாளர் ரங்கநாதன். அடுத்த ஆண்டே நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பை அந்தச் சங்கம் தொடங்கியது. சுமார் 20 ஆண்டுகள் அவர் விடுப்பே எடுக்கவில்லை என்றும், தன் திருமண நாளிலும் வேலைக்கு வந்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

அந்தத் திருமணத்துக்கு முன்னால் ஒரு துயரம் இருக்கிறது. முதல் மனைவி ருக்மிணி 1928-ல் ஒரு விபத்தில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார். அவர் பெயரும் கதையில் திரும்ப வரும்.

சிதம்பரத்தில் நடந்தது என்ன?

1928 முழுவதும் ரங்கநாதன் மனதில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. நூலகத்தில் நூறு விதமான வேலைகள் நடக்கின்றன. வாங்குவது, அடுக்குவது, பட்டியலிடுவது, இரவல் கொடுப்பது. இவற்றுக்கெல்லாம் பொதுவான அடிப்படை என்ன? கணக்குப் படித்தவர் ஆச்சே. நூற்றுக்கணக்கான தேற்றங்கள் சில அடிப்படை விதிகளிலிருந்து பிறப்பதுபோல இங்கேயும் சில விதிகள் இருக்க வேண்டும் என்று தேடினார். பிடிபடவில்லை.

ஒரு நாள் மாலை பழைய ஆசிரியர் ராஸிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போகிற போக்கில் சொன்ன ஒரு சின்ன வாக்கியம்தான் முதல் விதியானது: புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு. அது கிடைத்ததும் மீதி நான்கும் வரிசையாக வந்து நின்றன.

அந்த ஐந்து விதிகளையும் அவர் முதன்முதலில் பொதுவெளியில் சொன்ன இடம் சென்னையோ லண்டனோ இல்லை. சிதம்பரம். 1928 டிசம்பரில் அங்கே மீனாட்சி கல்லூரியில் மாகாணக் கல்வி மாநாடு நடந்தது. அங்கேதான் பேசினார். அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மாறியது. 1931-ல் விதிகள் புத்தகமாக வந்தன. இப்போது அண்ணாமலை நகரில் நூலகவியல் படிக்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விதிகள், அதே வளாகத்தில் முதல்முறை பேசப்பட்டவைதான்.

கல்வி மாநாட்டில் இதைச் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. நூலகம் என்பது அறிஞர்கள் ஓய்வாகப் போகும் இடம் இல்லை, பள்ளியைப் போலவே கல்வியின் ஒரு பகுதி என்பதுதான் அவர் வாதம்.

ஐந்து விதிகள்: ஒரு குழந்தைக்கு அவை என்ன செய்யும்?

விதிகள் கேட்பதற்கு ரொம்ப எளிமை. ஆனால் ஒரு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் அவற்றைப் பொருத்திப் பார்த்தால் எவ்வளவு கறாரானவை என்பது தெரியும்.

முதல் விதி: புத்தகம் பயன்பாட்டுக்காக. கண்ணாடிக் கதவுக்குள் பூட்டி வைத்த படக்கதைப் புத்தகம் புதுசு மாறாமல் இருக்கும், ஆனால் அதை வாங்கியதற்கு அர்த்தமே இல்லை. நாலு பிள்ளைகள் புரட்டி முனை கிழிந்த புத்தகம்தான் வேலை செய்த புத்தகம்.

இரண்டாவது: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். இதில் ஒவ்வொரு என்ற சொல்தான் முக்கியம். பெண், ஆண், பணக்காரர், ஏழை, பார்வையற்றவர் என்று யாரையும் இந்த விதி விடுவதில்லை. மீனவர் குடியிருப்பில் இருந்து வரும் 2-ம் வகுப்புப் பிள்ளைக்கும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் 25 வயது இளைஞருக்கும் ஒரே அளவு உரிமை. நூலகத்தின் மேசை முழுவதையும் தேர்வு வழிகாட்டிகளே பிடித்துக்கொண்டால் இந்த விதி உடைகிறது.

மூன்றாவது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. புத்தகம் தானாக எழுந்து வாசகரைத் தேடிப் போகாது. யாராவது அதைக் கையில் எடுத்து, ஒரு கதையைச் சொல்லி, மீதியைப் படித்துப் பார் என்று நீட்ட வேண்டும். கதை நேரமும் புத்தகக் கண்காட்சியும் பொழுதுபோக்குக்காக இல்லை, புத்தகத்துக்கு வாசகரைத் தேடித் தரும் வேலை.

நான்காவது: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும். 8 வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் பொறுமையாகத் தேடும்? சில நிமிடம். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் அப்பாவின் மொபைலைக் கேட்கும். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், கண்ணுக்குத் தெரியும்படி புத்தகம் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

ஐந்தாவது: நூலகம் வளரும் உயிர். புதுப் புத்தகம் வராத, புது ஆட்கள் வராத நூலகம் கட்டடமாக மட்டும்தான் இருக்கும்.

மாட்டு வண்டியில் வந்த நூலகம்

விதிகள் பேச்சோடு நிற்கவில்லை. 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசல் என்ற ஊரிலிருந்து ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. வண்டி நிறைய புத்தகம். அதை நடத்தியவர் கனகசபைப் பிள்ளை. ஊர் ஊராகப் போய், படிக்கத் தெரிந்தவர்களிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை வரும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. தமிழ்நாட்டு நடமாடும் நூலகங்களின் முன்னோடி இந்த வண்டிதான்.

வாசகர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகரிடம் போக வேண்டும். ரங்கநாதனின் சங்கம் ஊர் ஊராகப் பரப்பிய கருத்து இது. இன்று தமிழ்நாட்டில் நூலக நண்பர்கள் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகிறார்கள். அந்த வண்டியின் தடத்தில்தான் இவர்களும் போகிறார்கள்.

வரி எப்படி வந்தது? 18 ஆண்டுப் போராட்டம்

நன்கொடையில் நடக்கும் நூலகம் நன்கொடையாளர் இருக்கும் வரைதான் இருக்கும். வண்டி நின்றால் வாசிப்பும் நின்றுவிடும். இது ரங்கநாதனுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போல, குடிநீர் போல நூலகமும் அரசின் கடமையாக வேண்டும் என்றால் அதற்கு ஒரு சட்டமும், தொடர்ந்து பணம் வரும் வழியும் வேண்டும்.

1930-ல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். 1933-ல் பஷீர் அகமது சையது அதன் அடிப்படையில் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டு வந்தார். அது சட்டமாகவில்லை. ரங்கநாதன் விடவில்லை. ஆனால் காத்திருந்த காலத்தில் அவரே சென்னையை விட்டுப் போக வேண்டி வந்தது. 1945-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சுமார் 1 லட்சம் புத்தகங்களைக் கிட்டத்தட்ட தனி ஆளாக வகைப்படுத்தினார். 1947-ல் டெல்லி பல்கலைக்கழகம்.

அவர் டெல்லியில் இருந்தபோதுதான் சென்னையில் காரியம் கைகூடியது. அப்போதைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் முயற்சியில் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் கொண்டு வந்த முதல் நூலகச் சட்டம் இது. 1950-ல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் செய்த முக்கியமான வேலைகள் மூன்று.

ஒன்று, சென்னை நகருக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனி நூலக ஆணைக்குழு. அன்றைக்குக் கடலூரைத் தலைநகராக வைத்திருந்த தென்னாற்காடு மாவட்டமும் இதில் வந்தது.

இரண்டு, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி. ஆரம்பத்தில் ரூபாய்க்கு 6 பை, அதாவது அந்தக் காலத்துப் பழைய நாணயக் கணக்கில். ஒரு ரூபாய்க்கு 192 பை என்பதால் இது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். பின்னாளில் உயர்ந்து இன்று 10 சதவீதமாக நிற்கிறது.

மூன்றாவது பலருக்குத் தெரியாது. புத்தகம் வாங்கி வைப்பதோடு, சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்யவும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. கதை நேரமோ, கோடை முகாமோ, எழுத்துப் பயிற்சியோ நூலகத்தின் வேலை இல்லை என்று யாராவது சொன்னால், சட்டம் அவர் பக்கம் இல்லை. அதே நேரம் சட்டம் இடம் கொடுக்கிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. நடத்துவதும் விடுவதும் அந்தந்த ஊரின் கையில்தான்.

புத்தகம் வாங்கப் பணம் வந்தால் போதுமா? பிள்ளைகளுக்கு ஏற்ற தமிழ்ப் புத்தகம் எழுத ஆள் வேண்டும் இல்லையா? அதே 1950-ல்தான் கவிஞர் அழ.வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பக்கம் அலமாரி, இன்னொரு பக்கம் அதை நிரப்பும் எழுத்து. இரண்டும் ஒரே காலத்தில் வந்தது தமிழ்ப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

சேமிப்பு முழுவதையும் என்ன செய்தார்?

1950-களின் நடுவில் இரண்டு ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்தார். 1957-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் காலகட்டத்தில்தான் வாழ்நாள் சேமிப்பான 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நூலகவியலில் ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்க அந்தப் பணம். பதவிக்கு அவர் பெயரை வைக்கவில்லை. மனைவி சாரதாவின் பெயரில் சாரதா ரங்கநாதன் பேராசிரியர் பதவி என்று அமைந்தது. அன்றைய 1 லட்சம் இன்றைய கணக்கில் எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

1962-ல் பெங்களூரில் ஆவணமாக்கல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965-ல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக நியமித்தது. 70 வயதைத் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தார். பள்ளி நூலகம் பற்றிய அவருடைய புத்தகம் ஒன்று இறப்புக்குப் பிறகு, 1973-ல் வெளிவந்தது. 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். அவர் பிறந்தநாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்ட் 12 இந்தியாவில் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இன்றைக்கு நிலைமை என்ன?

தமிழ்நாட்டில் பொது நூலகத் துறையின் கீழ் இப்போது 4,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. 2010-ல் திறந்த சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பிரிவு பெரிய அளவில் இருக்கிறது. வார இறுதியில் அங்கே பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்தால் ரங்கநாதன் லண்டனில் பார்த்த காட்சி நினைவுக்கு வரும்.

ஆனால் பெரிய நூலகம் பெரிய ஊரில்தான் இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் இருக்கும் பிள்ளை மதுரைக்குப் போய்ப் படிக்க முடியாது. அதற்கு வேண்டியது நடந்து போகும் தூரத்தில் ஒரு கிளை நூலகம், பள்ளி விட்ட பிறகும் திறந்திருக்கும் கதவு, கதை சொல்ல ஒரு ஆள். உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த நூலக வரியை உரிய நேரத்தில் நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்காமல் நிலுவை வைப்பது அடிக்கடி செய்தியாகும் பிரச்சினை. மக்கள் கட்டிய பணம் நூலகத்துக்கு வந்து சேராவிட்டால் முதலில் நிற்பது இந்த மாதிரி நிகழ்ச்சிகள்தான். நாளிதழ் நின்றால் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். கதை நேரம் நின்றால் யாருக்கும் தெரியாது.

பெற்றோர் என்ன செய்யலாம்? முதலில் பிள்ளையை அருகில் உள்ள நூலகத்தில் உறுப்பினராகச் சேர்க்கலாம். குழந்தைகள் பிரிவில் என்ன நிகழ்ச்சி நடக்கிறது என்று நூலகரிடம் கேட்கலாம். நடக்கவில்லை என்றால் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேர்ந்து நடத்தச் சொல்லலாம், கதை சொல்லத் தெரிந்தால் தாங்களே முன்வரலாம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம், அதன் முதல் நாள் குழந்தைகள் தினம். தொடங்குவதற்கு நல்ல நாள்.

கேட்கும்போது தயங்க வேண்டியதில்லை. சீர்காழியில் 6 வயதில் அப்பாவை இழந்து, கதை சொல்லும் குரல் ஒன்று பாதியிலேயே நின்றுபோன வீட்டில் வளர்ந்த ஒருவர், 1928-ல் சிதம்பரத்தில் நின்று எந்தப் பிள்ளையையும் வெளியே நிறுத்தாத விதி ஒன்றைச் சொன்னார். அந்த விதிக்கான செலவை அடுத்த வீட்டு வரியிலும் கடலூர்க்காரர்கள் கட்டத்தான் போகிறார்கள்.